எந்த லேபர் ரூம்? தங்கைக்காக நான்கு இடங்களைப் பார்த்து வந்த கதை

தங்கைக்கு இது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாளே எந்த ஆஸ்பத்திரி என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது. தனக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மாவின் மகள் இப்போது சொந்தமாக நர்சிங் ஹோம் நடத்துகிறார், அங்கேதான் போகணும் என்றார் அம்மா. மாப்பிள்ளை பைபாஸ் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் பெரிய தனியார் மருத்துவமனையின் வழவழ தாளைக் கொண்டுவந்து நீட்டினார். அதில் மஞ்சள் விளக்கு, சோபா, ஜன்னலோரம் ஒரு பூச்செடி, மேலே 'பர்த்திங் ஸூட்' என்று எழுத்து. பெரியம்மாவோ, "ஜிஹெச்சுல பாக்காத பிரசவமா? கவர்மென்ட் உதவிப்பணம் பதினெட்டாயிரம் வேற வருது" என்று முடித்துவிட்டார்.

டாக்டரின் கைராசி, பில் எவ்வளவு ஆகும், வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், கேன்டீனில் இட்லி நன்றாக இருக்குமா என்று எல்லாம் அலசினோம். அவள் பத்து பன்னிரண்டு மணி நேரம் வலியோடு இருக்கப்போகும் அறை எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

எனக்கு அது தோன்றக் காரணம் என் முதல் பிரசவம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு சின்ன ஊர் நர்சிங் ஹோம். வீட்டில் இருந்தவரை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வலி. கொல்லையில் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பேன், வலி போனதும் நாலு நடை நடப்பேன். சமாளிக்க முடிந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய், உடை மாற்றி, மேசைமேல் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். நேர் மேலே டியூப் லைட். ஏசி குளிரில் ரெக்ஸின் மேசை முதுகில் சில்லென்று ஒட்டியது. மேசையின் கால்மாடு வாசலைப் பார்த்து இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் வராந்தா பெஞ்சில் யாரோ ஒரு பெரியவர் பேப்பர் படிப்பது தெரிந்தது. எனக்கு அவர் தெரிந்தால் அவருக்கு நான் தெரிவேன்தானே. மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று வந்த வலி பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்றாகிவிட்டது. "வலி பத்தலம்மா" என்று சொல்லி டிரிப் ஏற்றினார்கள். என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோளாறு எதுவும் இல்லை. பிரசவ வலியை எழுப்பி நடத்துவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். டிரிப்பில் ஏற்றுவதும் அதன் செயற்கை வடிவம்தான். பயம், கூச்சம், குளிர், புது முகங்கள் என்று எது வந்தாலும் உடம்பில் அட்ரினலின் ஏறும். அது ஏறினால் கர்ப்பப்பை சுருங்கி விரியும் வேகம் மட்டுப்படும். காட்டில் குட்டி போடும் விலங்கு ஆள் அரவம் கேட்டால் வலியை நிறுத்திக்கொண்டு எழுந்து ஓடுவதற்கு இயற்கை வைத்த ஏற்பாடு என்கிறார்கள். எங்கள் பாட்டிக்கு ஹார்மோன் பெயரெல்லாம் தெரியாது. ஆனால் மாடு கன்று போடும் ராத்திரி தொழுவத்துப் பக்கம் எங்களை அண்டவிட மாட்டார். அரிக்கேன் விளக்கைத் திரி இறக்கித் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு, தான் மட்டும் எட்ட உட்கார்ந்திருப்பார். மாட்டுக்குக் கொடுத்த அந்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே இந்த முறை நான் போய் லேபர் ரூம்களைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னேன். ஓர் இடத்தில், "அங்கெல்லாம் விசிட்டர்ஸ விடமாட்டோம் மேடம், ரூம் வேணா காட்டுறேன்" என்று டீலக்ஸ் அறையைத் திறந்து டிவியைப் போட்டுக் காட்டினார்கள். குழந்தை பிறந்த பிறகு தங்கும் அறை அது.

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். சின்ன லேபர் ரூம், இரண்டு மேசை, சுவரில் குழந்தையைச் சூடாக வைக்கும் முறை பற்றிய படம். வெளியே வேப்பமரமும் சிமெண்ட் திண்ணையும். வலியோடு நடக்க அதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. மாசாமாசம் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, எடை பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிடும் அதே சிஸ்டர்கள்தான் அங்கே இருக்கிறார்கள். தெரிந்த முகம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று முதல் பிரசவத்தில் கற்றுக்கொண்டவள் நான். ஆனால் அங்கே ஆபரேஷன் வசதியோ ரத்தமோ கிடையாது. வலி நடுவில் நின்றுவிட்டாலோ, குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கினாலோ 108-இல் ஏற்றி அனுப்ப வேண்டும். முன்பே சுகமாகப் பெற்றவளுக்கு, இந்த முறையும் சிக்கல் ஒன்றும் இல்லையென்றால், நான் தயங்காமல் இதைச் சொல்லுவேன். தலைப்பிரசவம் எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாதி வலியில் ஆம்புலன்ஸ் ஏறுவது, நான் அந்த மேசைமேல் ஏறியதைவிடப் பெரிய குலைவு.

அடுத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. என் இரண்டாவது பிரசவம் இந்த மாதிரி ஓர் இடத்தில்தான் நடந்தது. வரிசையாக மேசைகள், நடுவில் பச்சைத் திரை. பக்கத்து மேசைப் பெண் கத்தும்போது என் வலி இரண்டு மடங்கானது போல இருக்கும். அவள் குழந்தை அழும்போது எனக்கும் ஒரு தெம்பு வரும். கூட்டம், பினாயில் வாடை, "முக்கு முக்கு" என்ற அதட்டல் எல்லாம் உண்டு. ஆனால் அம்மா கூடவே இருந்தார். பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் 2004 வாக்கிலேயே கொண்டுவந்துவிட்டன. 2016-இல் மத்திய அரசும் நாடு முழுக்க இதற்கு வழிகாட்டுதல் போட்டது. அம்மா பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வலி வரும்போது இடுப்பின் அடிப்பகுதியை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பார். வலி போனதும் நன்னாரித் தண்ணீர் ஒரு வாய். திரையைச் சரியாக இழுத்துவிடுவார். அந்த வெளிச்சத்திலும் இரைச்சலிலும், டிரிப் இல்லாமல், ஐந்து மணி நேரத்தில் மகள் பிறந்தாள். இரண்டாவது பிரசவம் எப்படியும் சீக்கிரம் முடியும் என்பீர்கள். சரிதான். ஆனால் எனக்கு ஒரு தடவைகூடப் பயம் வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பச்சைத் திரை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். "புருஷனை ஏன் உள்ளே விடமாட்டேங்குறாங்க" என்று மாப்பிள்ளை கேட்டார். 2016 வழிகாட்டுதலே, மறைவுக்கு முறையான ஏற்பாடு இருக்கும் இடத்தில் கணவரையும் அனுமதிக்கலாம் என்றுதான் சொல்கிறது. திரை மட்டும் உள்ள வார்டில் ஒருத்தியின் கணவரை விட்டால், பக்கத்து மேசைப் பெண்ணுக்கு அவர் அந்நிய ஆண். யார் உள்ளே வரலாம் என்பதைச் சுவர்தான் முடிவு செய்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய 'லக்ஷ்யா' திட்டம் லேபர் ரூம்களின் தரத்தை உயர்த்தச் சொன்னபோது, வலி, பிரசவம், அதன் பிறகான ஓய்வு மூன்றும் ஒரே அறையில் நடக்கும் தனித்தனி அறைகளையும் பரிந்துரைத்தது. வலி உச்சத்தில் இருக்கும்போது ஒரு கட்டிலிலிருந்து இறக்கி, தள்ளிக்கொண்டு போய், வேறு மேசையில் ஏற்றும் கூத்து அதில் இல்லை. நான் பார்க்கப்போன மருத்துவமனையில் புதுக் கட்டடத்தில் அப்படிச் சில அறைகள் இருக்கின்றன. கிடைக்குமா என்று கேட்டதற்கு, "அன்னைக்குக் காலியா இருந்தா உண்டு" என்றார் சிஸ்டர். நேர்மையான பதில். ரத்த வங்கி, பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு, இருபத்து நான்கு மணி நேரமும் டாக்டர்கள் என்று எல்லாம் ஒரே வளாகத்தில். ரத்த அழுத்தம் ஏறியவர்கள், இரட்டைக் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, ரத்தம் குறைவு, மாதம் நிறையாத வலி இதெல்லாம் இருந்தால், அறையின் அழகைப் பற்றி யோசிக்காமல் இந்த மாதிரி இடத்துக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது பைபாஸ் ரோடு. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஸ்பீக்கரில் வீணை, மூலையில் பெரிய ரப்பர் பந்து, அறைக்குள்ளேயே கழிப்பறை. தங்கைக்குக் கண் விரிந்துவிட்டது. நான் அங்கிருந்த நர்ஸிடம் இரண்டு கேள்வி கேட்டேன். வலி நேரத்தில் எழுந்து நடக்கலாமா? "பெல்ட் போட்டுருவோம் மேடம், அதனால இறங்க வேணாம்." கூட யார் இருக்கலாம்? "ஹஸ்பண்ட் இருக்கலாம், ஆனா டெலிவரி நெருங்கினதும் வெளிய இருக்கச் சொல்லுவோம்." அப்புறம் அந்தப் பந்து எதற்கு? அவர் சிரித்தார்.

பெல்ட் என்றது குழந்தையின் இதயத் துடிப்பை விடாமல் பதிவு செய்யும் சிடிஜி கருவியை. ஆபத்து உள்ள பிரசவத்தில் அது தேவை. சிக்கல் இல்லாதவர்களுக்கு எந்நேரமும் அதைக் கட்டி வைப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைகள் ஏற்கவில்லை; குறிப்பிட்ட இடைவெளியில் கையடக்கக் கருவியை வைத்துக் கேட்டால் போதும் என்கின்றன. விடாமல் கண்காணிக்கும்போது பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது குறைகிறது, ஆனால் சிசேரியன் கூடுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பெல்ட்டைக் கட்டிக் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் வைப்பதுதான் எனக்கு உறுத்தல். வலியின் முதல் கட்டத்தில் நிமிர்ந்து நிற்பவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் அந்தக் கட்டம் சராசரியாக ஒரு மணி இருபது நிமிஷம் போலக் குறைந்தது என்று 2013-இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் அமைப்பு) தொகுப்பு கணக்குப் போட்டது. துவைக்கிற கல்லைப் பிடித்து நின்றது வீண் போகவில்லை என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

சரி, அந்த மஞ்சள் விளக்குக்கும் வீணைக்கும் பலன் உண்டா? நான் உண்டு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். டென்மார்க்கில் ஹெர்னிங் என்ற ஊரின் மருத்துவமனையில், இயற்கைக் காட்சிகளைச் சுவரில் ஓடவிட்டு, ஒலியும் ஒளியும் இதமாக அமைத்த அறையைச் சாதாரண அறையோடு ஒப்பிட்டார்கள். ஜெர்மனியில் கட்டிலை ஓரம்கட்டி மறைத்துவிட்டு, தரையில் மெத்தையும் நுரைத் திண்டுகளும் போட்டுப் பல மருத்துவமனைகளில் பார்த்தார்கள். ஸ்வீடனில் கோதன்பர்க் நகரில் இன்னொரு சோதனை. குலுக்கல் முறையில் பெண்களைப் பிரித்துச் செய்த ஆய்வுகள் இவை. டிரிப் தேவைப்படுவது, சுகப்பிரசவ எண்ணிக்கை போன்ற முக்கியக் கணக்குகளில் புது அறையால் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் வரவில்லை.

முதலில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பிறகு யோசித்தால், அங்கே அந்தச் 'சாதாரண அறை' எப்படிப்பட்டது? பெரும்பாலும் தனி அறை. பக்கத்தில் கணவரோ துணையோ. பிரசவம் பார்க்கவென்றே படித்த மருத்துவச்சி. இவ்வளவும் இருக்கும் அறைக்கு மேலே சுவரில் காடும் கடலும் ஓடினால் கூடுதலாக என்ன கிடைத்துவிடும்? நம் ஊரில் குறைவது அந்தச் சாதாரணம்தான். அதற்கு ஸூட் வேண்டாம். உடன் ஓர் ஆள் விடாமல் இருப்பதன் பலன் ஆய்வுகளில் தெளிவாகவே தெரிகிறது. 2017-இல் வந்த காக்ரேன் தொகுப்பு, பதினேழு நாடுகளின் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தது. துணையிருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியிருந்தது, சிசேரியன் குறைந்திருந்தது, வலி நேரமும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. கசப்பான அனுபவம் என்று சொன்னவர்களும் குறைவு.

அம்மா சொன்ன நர்சிங் ஹோமை இந்த நான்கில் சேர்க்காமல் வேகமாகக் கடந்துவிடுகிறேன். டாக்டர் நல்லவர், கை சுத்தம். ஆனால் அவர் ஒருவர்தான். ஓபி, ஸ்கேன், ஆபரேஷன், பிரசவம் எல்லாம் அவர் தலையில். ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கும் இடத்தில், நிதானமாக நகரும் தலைப்பிரசவத்துக்காகக் காத்திருப்பது யாருக்கும் கஷ்டம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம், அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. இந்த வித்தியாசத்துக்கு அறை மட்டும் காரணமில்லை. பணம், பயம், நல்ல நேரம் பார்க்கும் நம் குடும்பங்கள் என்று பங்காளிகள் நிறைய. ஆனால் கடிகாரத்துக்கு நேராகப் படுக்கவைத்து, "ரெண்டு விரல்தான் திறந்திருக்கு" என்று மணிக்கொரு தரம் சொல்லும் அறைக்கும் அதில் பங்கு உண்டு. கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்பது எல்லாருக்கும் பொருந்தாது, வலியின் தீவிரக் கட்டம் 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது, தலைப்பிரசவத்தில் அதன் பிறகு 12 மணி நேரம் வரைகூட ஆகலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. சூட்டு வலிக்கே கிளம்பிப் போய் லேபர் ரூமில் அடைந்துகொள்ளாமல் இருப்பதும் பாதி வெற்றி. சீரகக் கஷாயம் குடித்துப் பார், பொய் வலி என்றால் அடங்கிவிடும் என்று பெரியவர்கள் சொன்னது எதற்கென்று இப்போது புரிகிறது. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும்.

"அப்ப வீட்டுலயே பெத்துக்கலாமே அக்கா" என்று தங்கை விளையாட்டாகக் கேட்டாள். அந்தப் பேச்சே வேண்டாம் என்றேன். 2018-இல் திருப்பூரில் வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஓர் இளம்பெண் உயிரை விட்டது இன்னும் மனதில் இருக்கிறது. இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவத்துக்குப் பதிவுபெற்ற மருத்துவச்சிகள் வருகிறார்கள், தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு மாற்றும் ஏற்பாடும் உண்டு. அங்கேயே 64,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2011-இல் வந்த ஆய்வில், தலைப்பிரசவத்தை வீட்டில் திட்டமிட்டவர்களின் குழந்தைகளுக்குப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. மருத்துவச்சிகள் நடத்தும் பிரசவ மையங்களில் அப்படிக் கூடவில்லை. இந்தியாவும் 2018-இல் மருத்துவச்சிகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டு, அதற்கென்று பதினெட்டு மாதப் பயிற்சியைக் கொண்டுவந்தது. அப்படி ஒரு மையம் எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

நான்காவதாகப் பார்த்தது யாரும் பட்டியலில் சேர்க்காத பழைய மிஷன் ஆஸ்பத்திரி. சிவப்புத் தரை, உயரமான ஓட்டுக்கூரை, நீள வராந்தா. லேபர் ரூமில் தடுப்புச் சுவர் எழுப்பிய மூன்று சிறு அறைகள். கட்டிலின் தலைமாடு வாசல் பக்கம். கதவு திறந்தாலும் வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இதைக் கவனித்து வைத்த புண்ணியவான் யாரோ. ஏசி கிடையாது. எனக்கு அது குறையாகப் படவில்லை. பிறக்கும் குழந்தைக்கு அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. அங்கிருந்த மூத்த சிஸ்டரிடம் அதே கேள்விகளைக் கேட்டேன். "நடக்கலாம், உக்காரலாம், முட்டி போட்டுக்கலாம். நான் துடிப்பு பாக்கும்போது மட்டும் நில்லுன்னா நிக்கணும்" என்றார். அம்மா கூட இருக்கலாமா என்றதற்கு, "இல்லாம?" என்று திருப்பிக் கேட்டார். குடிக்க? "கஞ்சி, இளநீர் எதுன்னாலும். ஆபரேஷன் போகும்னு தோணினா நாங்களே நிப்பாட்டிருவோம்." மகப்பேறு டாக்டர்கள் இருவர், வளாகத்திலேயே குடியிருக்கிறார்கள். தியேட்டர் வராந்தாவின் கடைசியில்.

குறையும் உண்டு. பச்சிளம் குழந்தைகளுக்கான பெரிய பிரிவு அங்கே இல்லை. மருத்துவக் கல்லூரிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். தங்கைக்குக் குழந்தையின் தலை கீழே இருக்கிறது, ரத்தம் (ஹீமோகுளோபின்) 11 இருக்கிறது, அழுத்தம் சரி. சர்க்கரை மட்டும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதனால் எங்கள் முடிவு இரண்டாக இருக்கிறது. சர்க்கரை ஏறினாலோ, 37 வாரத்துக்கு முன் வலி வந்தாலோ யோசனை இல்லாமல் மருத்துவக் கல்லூரி. இல்லையென்றால் சிவப்புத் தரை. இரண்டு இடத்திலும் பதிந்து வைத்தாயிற்று, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணும் வாங்கியாயிற்று. மாப்பிள்ளைக்கு ஸூட் போன வருத்தம் இன்னும் இருக்கிறது. மிஷன் ஆஸ்பத்திரியில் அவரும் உள்ளே இருக்கலாம் என்று சிஸ்டர் சொன்னதிலிருந்து அந்த வருத்தத்தோடு ஒரு பயமும் சேர்ந்திருக்கிறது.

பை தயார். இரண்டு நைந்த பருத்திச் சேலை, அம்மாவின் பழைய போர்வை, ஃபிளாஸ்க், காலுறை. எல்லாவற்றுக்கும் மேலே தங்கை ஒரு சின்ன இரவு விளக்கை வைத்திருந்தாள், சுவரில் செருகும் வகை. டியூப் லைட்டை அணைத்துவிட்டு இதைப் போட்டுக்கொள்ளலாமா என்று போன செக்கப்பில் சிஸ்டரிடம் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, "தையல் போடும்போது மட்டும் எனக்குப் பெரிய லைட் வேணும், மத்த நேரம் உன் இஷ்டம்" என்று சொல்லி, பிளக் பாயிண்ட் கட்டிலின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டினாராம்.